எனக்காகத் தூவிய ப்ளீச்சிங் பவுடர்

அன்று காலை அந்த மீன் கூடத்தில் மீன் வாடையே அடிக்கவில்லை.

வேன் கேட்டைத் தாண்டியதும் முதலில் எனக்குப் பட்டது அதுதான். வழக்கமாகக் கண்ணாடியை முழுவதும் ஏற்றியிருந்தாலும் அந்த வாடை உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். செதில், குடல், உருகிய ஐஸ், ரப்பர் பூட்ஸ் எல்லாம் கலந்த வாடை. அன்று ஏதோ நீச்சல்குளத்துக்குள் நுழைந்ததுபோல மூக்கு எரிந்தது.

சிமெண்டுத் தரை கழுவிக் கழுவி வெளுத்திருந்தது. சுவரோரம் முழுக்க வெள்ளைப் பொடி. மீன் வெட்டும் பெண்கள் துவைத்த ஏப்ரன் கட்டிக்கொண்டு, விருந்தாளியைப் பார்க்க வந்தவர்கள்போல மேசைகளுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் முன்னால், தலையில் வலைத்தொப்பியும் முகம் கொள்ளாத சிரிப்புமாக ஸ்டெல்லா அக்கா.

"வாங்க மேடம்," என்றார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வரை நான் அவருக்கு வெறும் பெனி. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவர் வீடு. நான் பள்ளிக்கூட யூனிஃபார்மில் நடந்ததையும், மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று வெள்ளை கவுனில் தடுக்கி விழுந்ததையும் பார்த்தவர்.

அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "எப்பிடி இருக்கு? மூக்கைப் பொத்தவே வேணாம் பாரு. உனக்காக நேத்துலேர்ந்து கழுவுறோம்."

நான் சிரித்தேன். ஆனால் அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது கூடத்தின் தரையிலிருந்து மட்டும் வரவில்லை. பின்பக்கத்திலிருந்தும் வந்தது. பின்பக்கத்தில்தான் தொட்டிகள் இருந்தன.

கடல் இல்லாத ஊரில் மீன்

இந்தத் தொடரில் என் வேலையைப் பற்றி முன்பு எழுதியபோது ஒரு வாசகர், பெங்களூரில் எங்கேயம்மா மீன் தொழிற்சாலை என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் ஊருக்குக் கடலும் இல்லை, சொல்லிக்கொள்ள ஆறும் இல்லை.

ஆனால் மீன் வருகிறது. மங்களூர்ப் பக்கமிருந்தும் சென்னைப் பக்கமிருந்தும் ஐஸ் பெட்டிகளில் விடியலுக்குள் லாரிகளில் வந்து இறங்குகிறது. ஊர் ஓரத்துக் கூடங்களில் அதைச் செதில் சுரண்டி, குடல் எடுத்து, துண்டு போட்டு, தட்டில் அடுக்கி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் இழுத்து ஒட்டுகிறார்கள். போனில் ஆர்டர் போட்டவர் வீட்டுக்கு மதியச் சமையலுக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

மீன் போய்விடுகிறது. கழுவிய தண்ணீர் அங்கேயே நிற்கிறது. ரத்தமும் கொழுப்பும் செதிலும் கலந்த, சிவப்பென்றும் பழுப்பென்றும் சொல்ல முடியாத தண்ணீர். அதைச் சுத்தம் செய்துதான் வெளியே விடவேண்டும். சுத்தமாகியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒருவர் பாட்டிலோடு போகவேண்டும். அந்த ஒருவர் நான்.

அம்மாவுக்கு இதில் நீண்ட நாள் வருத்தம். அம்மா டீச்சர். கெமிஸ்ட்ரி படித்த மகள் வெள்ளைக் கோட்டு போட்டு மருந்துக் கம்பெனியில் நிற்பாள் என்று நினைத்திருந்தார். கோட்டு என்னவோ கிடைத்தது. அதை மொட்டைமாடிக் கொடியில் தனியாகக் காயப் போடவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

என் பெட்டி

வேலைக்குக் கிளம்புமுன் நான் பெட்டியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பேன். அகல வாய் பாட்டில். எண்ணெய், கொழுப்பு பார்ப்பதற்குக் கண்ணாடி பாட்டில், அது பிளாஸ்டிக்காக இருக்கக்கூடாது, எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீளக் கைப்பிடி வைத்த கரண்டி. கையுறை. அழியாத மை பேனா. சொட்டு மருந்து வைத்த சின்னப் பெட்டி. தெர்மாமீட்டர். ஐஸ்.

ஐஸ் விஷயத்தில் எல்லா மீன் கூடத்திலும் என்னைக் கேலி செய்வார்கள். அவர்களிடம் மலைபோல ஐஸ் குவிந்து கிடக்க, நான் கடையில் வாங்கிய ஐஸோடு போவேன். சோதிக்கப் போகும் இடத்திலிருந்து எதையும் வாங்கக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் விதி. ஐஸும் அதில் அடக்கம். "நம்ம ஐஸ் இன்னா விஷமா மேடம்?" என்று ஸ்டெல்லா அக்காவின் கூடத்தில் மேரி என்கிற ஒரு பெண் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நீலசந்திராவிலிருந்து வருபவள், வாய் கொஞ்சம் அதிகம். அவள் கேட்பதும் நான் சிரித்து மழுப்புவதும் எங்களுக்குள் வணக்கம் சொல்லிக்கொள்வது மாதிரி ஆகிவிட்டது.

தொட்டிக்குள் இருக்கும் வேலைக்காரர்கள்

மீன் கழுவிய தண்ணீரை உண்மையில் சுத்தம் செய்வது யந்திரம் இல்லை. யந்திரம் காற்றை மட்டும் ஊதுகிறது. சுத்தம் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். தொட்டிக்குள் கோடிக்கணக்கில் இருந்துகொண்டு, காற்றை வாங்கிக்கொண்டு, ரத்தத்தையும் கொழுப்பையும் தின்று தீர்க்கின்றன. தின்று பெருத்துப் பழுப்பு நிறத் திப்பியாக அடியில் படிகின்றன. மேலே தெளிந்த தண்ணீர் நிற்கிறது. அதைத்தான் வெளியே விடுவார்கள்.

நன்றாக வேலை செய்யும் தொட்டி நாறாது. மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனைதான் வரும். முதன்முதலில் அதை முகர்ந்தபோது நான் நம்பவில்லை. இரண்டாவது முறை குனிந்து முகர்ந்து பார்த்தேன். இந்த வேலையில் நான் தங்கிவிட்டதற்கு அந்த வாசனையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த உயிர்களுக்கு மனிதர்களைப் போலவே சில விஷயங்கள் ஒத்துக்கொள்ளாது. திடீரென்று சோப்புக் காரம் கூடினால் ஆகாது. காற்று நின்றால் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ப்ளீச்சிங் பவுடர் ஆகவே ஆகாது. அது கிருமியைக் கொல்லத்தான் செய்யப்பட்டது. நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அது பார்க்காது.

ஸ்டெல்லா அக்காவின் விரல்கள்

ஸ்டெல்லா அக்கா பல வருடம் அந்தக் கூடத்தில் மீன் வெட்டினார். ஐஸ் தண்ணீரில் கை வைத்து நிற்கிற வேலை. கையுறை போட்டாலும் குளிர் உள்ளே போகும்.

கொஞ்ச நாளாக அவர் விரல்கள் வெளுத்துப்போக ஆரம்பித்திருந்தன. நுனி வரைக்கும் ரத்தம் வராமல் மரத்துவிடும். டீ டம்ளரைப் பிடித்தால் சூடு தெரியாது. தோல் கொப்பளித்த பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். மகளுக்குத் தலை பின்னும்போது மயிர்க்கற்றை விரலுக்குள் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று தெரியவில்லை என்றார். டாக்டர், ஐஸை விட்டுவிடு என்று சொல்லிவிட்டார். விட்டால் வேறு வேலை வேண்டுமே.

அப்போதுதான் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் வேறு கம்பெனிக்குப் போனார். அந்த இடத்துக்கு யாரும் முன்வரவில்லை. ஸ்டெல்லா அக்கா போய்க் கேட்டார். முதலாளி மங்களூர்க்காரர், தொழில் தெரிந்தவர், எதையும் சட்டென்று நம்பமாட்டார். காலையில் மேசையில் மீன் வெட்டு, மதியத்துக்கு மேல் தொட்டியைப் பார், அடுத்த சோதனையில் தண்ணீர் தேறினால் அந்த வேலை நிரந்தரமாக உனக்கு, தேறாவிட்டால் காண்ட்ராக்டில் ஒரு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

ஆக, நான் அன்று பாட்டிலோடு போனது தண்ணீருக்காக மட்டும் இல்லை. ஐஸிலிருந்து அந்த இரண்டு கைகள் வெளியே வருமா என்பதும் அதில் இருந்தது. எனக்கு அது தெரியும். அவருக்கு அது எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

எங்கள் மேலாளர் மஞ்சுநாத் சாரிடம் முன்பே சொல்லியிருந்தேன், தெரிந்தவர் இருக்கிற இடம், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று. அவர் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். "உனக்குத் தெரியாதவங்க இருக்கிற பேக்டரியா பாத்து அனுப்பணும்னா நான் துமகூருக்குத்தான் அனுப்பணும்," என்றார். பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். சோதிப்பது வேறு ஆள். நீ மொண்டு எடுத்து வந்தால் போதும் என்றார்.

மஞ்சள்

பின்பக்கம் போனோம். ஸ்டெல்லா அக்கா முன்னால் நடந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். கைப்பிடிக் கம்பிகளைக்கூடத் துடைத்திருந்தார்.

காற்றுத் தொட்டியில் வழக்கமாக டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் புரளும். சில வாரம் முன்பு அவரே அதைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, திப்பி அழகாக அடியில் படிந்து மேலே தெளிந்திருப்பதைப் போனில் படம் பிடித்துக் கோயிலில் எனக்குக் காட்டியிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் பார்த்தேன். மனதுக்குள் சபாஷ் போட்டேன்.

அன்று அந்தத் தொட்டி வெளிறிக் கிடந்தது. மேலே சோப்பு நுரை மாதிரி வெள்ளை நுரை. கடைசித் தொட்டியில் தண்ணீர், பால் சேர்த்ததுபோலக் கலங்கியிருந்தது. கரையில் கரையாத பொடி திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

அந்தக் கூடத்து வழக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இது எப்படி நடந்தது என்று உடனே புரியும். உணவுத் தரம் பார்க்கிறவர்கள் வருகிறார்கள் என்றால், முதல் நாளே மேசை, தரை, கத்தி எல்லாவற்றையும் ப்ளீச்சிங் போட்டுத் தேய்ப்பார்கள். வருகிறவர் மேசையைப் பஞ்சால் துடைத்து எடுத்துப்போய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லை என்றால் பாராட்டு. வருடக்கணக்காக அந்தப் பெண்களுக்குச் சோதனை என்றால் பவுடர்தான். மேசையருகே கற்ற பாடத்தை ஸ்டெல்லா அக்கா தொட்டி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். மேசையில் கிருமி எதிரி. தொட்டியில் அதுதான் பணியாளர்.

நான் கரண்டியை இறக்கினேன். மொண்டேன். அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை அலசி ஊற்றிவிட்டு, மறுபடி மொண்டு நிரப்பினேன். வெப்பம் பார்த்துக் குறித்தேன். பிறகு சின்னக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்தை விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும்.

நல்ல எலுமிச்சை மஞ்சள் வந்தது.

"கலர் நல்லா வந்திருக்கே," என்றார் ஸ்டெல்லா அக்கா, என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "மஞ்சளா வந்தா நல்லதுதானே?"

"குறிச்சுக்கிட்டேன் அக்கா," என்றேன்.

சொல்லக்கூடாதது

இதை விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடுவீர்கள்.

எங்களைப்போன்ற ஆய்வகத்தில் இருக்கிறவர்கள் சோதிக்கலாம், ஆலோசனை சொல்லக்கூடாது. இதைப் போடு, அதை நிறுத்து என்று நான் சொல்லிவிட்டால், அடுத்த முறை நான் சோதிப்பது என் யோசனையைத்தான். நான் சொன்ன பேச்சுக்கு நானே மார்க் போடுகிற கதை. அப்புறம் அந்த மார்க்கை யார் நம்புவார்கள்? விதி சரியானது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் விதி சரியாக இருந்தாலும், திரும்பி வரும் வழியெல்லாம் ஹென்னூர் டிராஃபிக்கில், மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வகத்தில் குளோரினை முறிக்கிற மருந்தைச் சேர்த்து, அதற்குப் பிறகுதான் சோதிப்பார்கள். மீதமிருக்கும் அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறது என்று பார்க்கிற சோதனை அது. பாட்டில்களை வெதுவெதுப்பான இருட்டுப் பெட்டியில் மூன்று நாள் வைக்கவேண்டும். எண் வந்தது. இருக்கவேண்டியதைப்போலப் பல மடங்கு. தொட்டியில் தின்கிறவர்கள் எல்லோரும் செத்துப்போயிருக்க, அழுக்கு அப்படியே வந்திருந்தது.

அறிக்கையில் எண்ணுக்குக் கீழே குறிப்பு என்று ஒரு வரி இடம் உண்டு. அதில் நடந்ததைத்தான் எழுதினேன். மாதிரி எடுத்தபோது குளோரின் இருந்தது, நீக்கிய பின் சோதிக்கப்பட்டது. மஞ்சுநாத் சார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ஏனாயித்தும்மா, என்னாச்சு? முகமே சரியில்ல," என்றார்.

சொன்னேன். ஸ்டெல்லா அக்கா கண்டிப்பாக என்னிடம் வருவார், அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, படித்துச் சொல்லக் கேட்பார், என்ன செய்யட்டும் என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யோசிக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். "அவங்க கைல இருக்கிற பேப்பர்ல எழுதினதைப் படிச்சு அர்த்தம் சொல்றதுல தப்பேனில்ல. ஆனா ஏன்னு சொல்லாத, எப்படின்னு சொல்லாத. ஸ்வல்ப ஜாக்கிரதை."

பூசைக்குப் பிறகு

ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் ஸ்டெல்லா அக்கா எனக்காகக் காத்திருந்தார். புடவை மடிப்புக்குள்ளிருந்து நாலாக மடித்த பிரதி ஒன்றை எடுத்தார்.

"மொதலாளி ஃபெயில்னு மட்டும் சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. படி."

நான் படித்தேன். ஒவ்வொரு வரியாக, தமிழில். நிறம், வெப்பம், எண்ணெய், கொழுப்பு, எண்கள், அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய எண்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினார். கடைசியில் குறிப்பு. குளோரின் இருந்தது.

"குளோரின்னா?"

ஒரு சொல்லுக்கு அர்த்தம்தான் கேட்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ப்ளீச்சிங் பவுடர்ல இருக்கிறது அக்கா."

அவர் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். பின்னால் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் போட்டது," என்றார். "ரெண்டு தொட்டியிலயும் போட்டேன். முந்தின நாளும் போட்டேன், காலையிலயும் போட்டேன். நீ வர்றேன்னு." பிறகு என் முகத்தையே பார்த்தார். "உள்ளாற பூச்சிங்க இருக்குன்னு பழைய ஆள் சொல்லியிருந்தான். செத்துப்போச்சா?"

நான் வாய் திறக்கவில்லை.

"சரி, நீ பேசாத. உன் மூஞ்சியே சொல்லுது." காகிதத்தை வாங்கி மறுபடி நாலாக மடித்தார். "அன்னைக்கு மஞ்சளா வந்தப்பவே உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும் அக்கா."

"நின்னு பாட்டில் ரொப்பிக்கினு போன."

"சொல்லக்கூடாது அக்கா. சொன்னா நான் எடுக்கிற எந்தச் சோதனையும் செல்லாது."

அவர் தலையை ஆட்டினார். கோபமா, புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தார். எப்போதும் போகும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். அன்று தட்டவில்லை. வீட்டுக்கு வந்தும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா, கோயிலில் என்ன பிரசங்கம் என்று கேட்டதற்கு ஒன்றும் நினைவில்லை.

சாணமும் வெல்லமும்

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்னால் மேரி சொல்லித்தான் தெரியும். மேரி சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், அதை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை ஸ்டெல்லா அக்கா நேராக முதலாளி அறைக்குப் போயிருக்கிறார். பவுடர் போட்டது நான், அதனால்தான் கெட்டது, அதற்கு முன் தொட்டி நன்றாக இருந்தது என்று சொல்லி, போனில் இருந்த அந்தக் குவளைப் படத்தைக் காட்டியிருக்கிறார். வேலை போனால் போகட்டும், தொட்டி கெட்டதுக்குக் காரணம் தெரியாமல் இருக்கவேண்டாம் என்றாராம். முதலாளி முதலில் பவுடர் மூட்டை காலியானதுக்குத்தான் கோபப்பட்டார் என்பது மேரியின் சாட்சியம். அப்புறம் நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துவிட்டு, தொட்டியைக் கட்டிக்கொடுத்தவர்களின் நம்பரைக் கொடுத்து, நீயே பேசு என்றார். இன்னும் ஒரு சோதனை வைக்கிறேன், அதுதான் கடைசி என்றும் சொன்னாராம்.

தொட்டி கட்டியவர்கள் போனில் வழி சொன்னார்கள். பழைய தண்ணீரை இறக்கு. இனி கூடம் கழுவிய பவுடர் தண்ணீரைத் தனி டிரம்மில் நிறுத்தி வைத்து, வீரியம் போனபிறகுதான் விடு. மீன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. புது உயிர் பிடிப்பதற்குப் பசுஞ்சாணத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்று, கூட வெல்லம் கரைத்து ஊற்று.

லிங்கராஜபுரத்தில் இன்னும் மாடு வைத்திருக்கிற வீடுகள் உண்டு. ஸ்டெல்லா அக்கா விடியற்காலையில் வாளியோடு போய் நின்றார். அந்த வாளி, பெண்கள் வேலைக்கு வரும் கம்பெனி வேனில்தான் வரவேண்டும். மூடி போட்ட வாளிதான், ஆனால் ஸ்பீட் பிரேக்கருக்கு மூடியைப் பற்றி அக்கறை கிடையாது.

"மீன் நாத்தத்துக்கே வெளில பஸ்ல ஏறினா எவனும் பக்கத்துல உக்கார மாட்றான். இப்ப இது வேறயா?" என்று மேரி கேட்டாளாம்.

"நீ செண்டு பூசிக்கினு வா. உன் பங்குக்கும் சேத்து நான் நாறிக்கிறேன்," என்றாராம் ஸ்டெல்லா அக்கா.

இரண்டாவது நாள் வாளியை ஒரு பக்கம் மேரியே பிடித்துக்கொண்டு வந்தாள். இதை அவள் சொல்லவில்லை. வேறொரு பெண் சொன்னாள்.

கொஞ்ச நாளுக்குத் தொட்டி அப்படியேதான் கிடந்தது. மேசை வேலை முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா கையைத் தொடையில் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே போய்க் குவளையில் மொண்டு வைத்துப் பார்ப்பார். கலங்கல். மறுநாள் கலங்கல். எல்லாப் பெண்களும் சாப்பாட்டு வேளையில் ஒரு நடை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிற மாதிரி. ஒருநாள் குவளையின் அடியில் பழுப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. விரல்கடை அளவு. யாரும் ஒன்றும் பேசவில்லை, கண்பட்டுவிடும் என்று.

மறுபடி நான்

இரண்டாவது முறை நான் போனபோது கேட்டைத் தாண்டியதுமே வாடை அடித்தது. செதில், குடல், ஐஸ், பூட்ஸ். எனக்கு அவ்வளவு நிம்மதி.

யாரும் வரிசையில் நிற்கவில்லை. எல்லோரும் மேசையில் குனிந்திருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேடம் என்றும் சொல்லவில்லை, பெனி என்றும் சொல்லவில்லை.

"இன்னைக்கு நாறும். பொறுத்துக்க," என்றார்.

பின்பக்கம் போனோம். அவர் தள்ளியே நின்றார். நான் கரண்டியை இறக்கினேன். காற்றுத் தொட்டி பழுப்பாகப் புரண்டது. குனிந்தபோது மழை ஓய்ந்த மண் வாசனை லேசாக வந்தது. அதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. சொட்டு மருந்தை விட்டேன். குழாயில் நிறமே வரவில்லை.

அவர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்தது, அன்று எனக்காக அவர் செய்த பெரிய காரியம்.

பாட்டில்களுக்கு ஐஸ் போட்டு மூடும்போது மட்டும் மேரி உள்ளேயிருந்து கத்தினாள், எங்க ஐஸ் இன்னும் விஷமாத்தான் இருக்கா மேடம் என்று.

சனிக்கிழமை மதியம்

எண்கள் சனிக்கிழமை மதியம் என் மேசைக்கு வந்தன. அறிக்கையை டைப் செய்வது நான். ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசி எண்ணை அடித்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய எண்ணைப் பார்த்தேன். மறுபடி இதைப் பார்த்தேன். பிறகு சோதனைத் தாளை வாங்கி வந்து அதோடும் ஒப்பிட்டேன்.

மஞ்சுநாத் சார் அன்று அரைநாளோடு கிளம்பிவிட்டிருந்தார். அவர் கையெழுத்து விழும்வரை அது அறிக்கை இல்லை, வெறும் எண். வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது.

டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். மூடி வைப்பதற்குள் போன் அடித்தது. ஸ்டெல்லா அக்கா. பின்னணியில் தண்ணீர்ச் சத்தமும், கத்தி பலகையில் விழும் சத்தமும் கேட்டன.

"அக்கா, ரிப்போர்ட் திங்கக்கெழமைதான். அதுக்கு முன்னாடி என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"நான் ரிப்போர்ட்டா கேட்டேன்? சாப்பிட்டியான்னு கேக்கலாம்னு போன் பண்ணேன்."

"சாப்பிட்டேன்."

"இன்னா சாப்பாடு?"

"தயிர்சாதம் அக்கா. மாவடு."

"நல்லா சாப்பிட்டியா?"

மஞ்சுநாத் சார் இந்தத் தொடரைப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவருக்காகச் சொல்லி வைக்கிறேன், நான் தயிர்சாதத்தைப் பற்றி மட்டும்தான் பேசினேன்.

"நல்லா சாப்பிட்டேன் அக்கா," என்றேன். "டப்பா காலி."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு யாரிடமோ பேசினார். ஆனாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மேரி, திங்கக்கெழமைலேர்ந்து மேசைல என் எடத்துல நீ நின்னுக்க. அந்தப் பக்கம் ஐஸ் தண்ணி அவ்ளோவா தெறிக்காது."